சின்ன அறையில் மிருதங்கத்தின் தொப்பி இரைகிறது, குரல் நடுவில் நிற்கவில்லை: முதலில் எதை மாற்றுவது?

செம்பூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். கோயம்புத்தூர் வீட்டைக் காலி செய்தபோது கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். அவருடைய பாட்டு செட்டை மட்டும் லாரியில் ஏற்றி இங்கே மும்பைக்குக் கொண்டு வந்தேன். சேனலுக்கு 40 வாட் ஆம்ப்ளிஃபயர், 8 அங்குல ஊஃபர் (கீழ்ச் சத்தம் கொடுக்கும் பெரிய கூம்பு) வைத்த இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர், ரெக்கார்டு சுழற்றும், பெல்ட்டில் ஓடும் டர்ன்டேபிள், 210 எல்பி ரெக்கார்டு. அம்மாவும் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள்.

அங்கே கூடம் 22 அடி நீளம். காவித் தரை, மேலே ஓடு. இங்கே செம்பூரில் ஹால் 12க்கு 10 அடி, உயரம் ஒன்பதரை. தரை முழுக்க வழவழ டைல்ஸ். இடது பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல், வலது பக்கம் ஸ்டீல் பீரோ. ஸ்பீக்கர் இரண்டையும் டிவி சுவரின் இரண்டு மூலைகளிலும் தரையிலேயே வைத்திருக்கிறேன். டர்ன்டேபிள் டிவி ஸ்டாண்டில், ஆம்ப்ளிஃபயர் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சோபா எதிர்ச் சுவரை ஒட்டி.

மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், அடி விழும்போதெல்லாம் 'பொம்ம்' என்று அறை முழுக்க இரைகிறது. ஆண் பாடகர் மந்திர பஞ்சமத்துக்கு, அதாவது கீழ் ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு, இறங்கினால் குரல் திடீரென்று ஊதிக்கொள்கிறது. வயலின் மேலே போனால் காதைக் குத்துகிறது. குரல் நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கிறது. ரெக்கார்டுக்கு மாற்றினால் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் வேறு.

ஒரு கடையில் விசாரித்தேன். ஸ்பீக்கர் வயரை மாற்றுங்கள், 18,000 ரூபாய் ஆகும், பவர் கார்டையும் மாற்றினால் இன்னும் சுத்தமாக இருக்கும் என்றார்கள். என்னால் இப்போது 3,000 ரூபாய்க்கு மேல் முடியாது. முதல் நாள் ரெக்கார்டு போட்டதும் அம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டாள். அப்புறம், "இது அப்பா கேட்ட சத்தம் இல்லைடி" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து நான் அதைப் போடவே இல்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது?


சிக்னல்காரன், மாடுங்கா:

அம்மா, புது வயர் வேண்டாம், அந்த 3,000 ரூபாயை இப்போதைக்கு அப்படியே வையுங்கள். நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி அறையின் வேலை. மீதி, லாரியில் வந்த பிறகு மறுபடி இணைத்ததில் நடந்தது. உங்கள் அப்பாவின் செட் கெட்டுப்போகவில்லை.

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் 34 வருடம் இருந்தேன். அங்கே கோளாறு தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவோம், மாற்றியதை நோட்டில் எழுதுவோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது.

முதலில் குரல் சிதறுவது. பழைய கர்நாடக எல்பிகளில் நிறைய மோனோதான், அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம். மோனோ ரெக்கார்டில் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, காற்றில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஒரு ஸ்பீக்கரின் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கலாம். வயரில் நிறம் தெரியாவிட்டால், ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை வயர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ் எந்த வயரில் படும்போது ஊஃபர் வெளியே வருகிறதோ அந்த வயர் சிவப்பு முனைக்குப் போக வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி நகர வேண்டும்.

அடுத்தது ஹம். ரெக்கார்டு ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லி வோல்ட். சிடி பிளேயர் கொடுப்பது 2 வோல்ட். 400 மடங்கு வித்தியாசம். அதனால்தான் மற்ற எதிலும் கேட்காத ஹம் ரெக்கார்டில் மட்டும் கேட்கிறது. டர்ன்டேபிளின் பின்னால் தனியாக ஒரு மெல்லிய வயர் தொங்கும். அதை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் உள்ள எர்த் திருகில் இறுக்குங்கள். டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயர் மேலிருந்து உடனே இறக்குங்கள், உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஊசிக்கு நேர் கீழே இருக்கிறது. இரண்டடி தள்ளி வைத்தால் போதும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஹம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை யாராவது பிடுங்கச் சொன்னால் பிடுங்காதீர்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

இப்போது தொப்பிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,145 அடி போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே எந்த ஸ்வரம் தங்கி இரையும் என்று பார்க்க, அதில் பாதியை, அதாவது 572-ஐ, சுவர்களுக்கு நடுவே உள்ள அடியால் வகுத்தால் போதும். உங்கள் 12 அடிக்கு 48 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48 அதிர்வு. 10 அடிக்கு 57. ஒன்பதரை அடி உயரத்துக்கு 60. கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டு வருவதைக் கவனியுங்கள், அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான் காரணம். இவற்றின் இரு மடங்கிலும் அறை இரையும்: 95, 114, 120. ஒரு கட்டை சுருதிக்குப் பாடும் ஆணின் மந்திர பஞ்சமம் சுமார் 98 ஹெர்ட்ஸ். அவர் அங்கே இறங்கும்போது உங்கள் ஹாலும் சேர்ந்து பாடுகிறது. கோயம்புத்தூர்க் கூடத்தின் 22 அடிக்கு இதே கணக்கு 26 ஹெர்ட்ஸ் கொடுக்கும். 8 அங்குல ஊஃபர் அவ்வளவு கீழே இறங்குவதே அபூர்வம். மேலே ஓடு வேறு, கனமான சத்தம் அதன் வழியாக வெளியே போய்விடும். அங்கே இரையாததற்கு இவை காரணமாக இருக்கலாம்.

அறையின் அளவை மாற்ற முடியாது. ஸ்பீக்கரையும் நம்மையும் நகர்த்தலாம். மூலையில் தரையில் வைத்த ஸ்பீக்கருக்குத் தரை, பின்சுவர், பக்கச்சுவர் மூன்றும் சேர்ந்து கீழ்ச் சத்தத்தை ஏற்றிக் கொடுக்கின்றன. நீங்கள் சுவரோடு ஒட்டிய சோபாவில், அந்தச் சத்தம் மறுபடி உச்சத்துக்குப் போகும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து இரண்டரை அடியும் பக்கச்சுவரிலிருந்து இரண்டடியும் முன்னே கொண்டு வாருங்கள். இரண்டு தூரமும் ஒன்றாக இருக்க வேண்டாம், அப்படி இருந்தால் ஒரே ஸ்வரம் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும். சோபாவை இரண்டடி முன்னே இழுங்கள். எப்போதும் வேண்டாம், பாட்டுக் கேட்கும் நேரத்துக்கு மட்டும் போதும். மும்பை வீட்டில் அதற்குமேல் யாராலும் முடியாது, எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் மாலை ஆறு மணிக்கு சோபா நகரும், எட்டு மணிக்குத் திரும்பிப் போகும்.

உயரம்: ட்வீட்டர், அதாவது மேல் சத்தம் கொடுக்கும் சின்னக் கூம்பு, உங்கள் காது மட்டத்துக்கு வர வேண்டும். சமையலறை மேடைக்குக் கல் அறுத்துக் கொடுக்கும் கடைகளில் கடப்பா துண்டு மலிவாகக் கிடைக்கும். இரண்டு சிமெண்ட் பிளாக், மேலே கடப்பா துண்டு, அதன் மேல் வாஷிங் மெஷினுக்கு வைக்கும் ரப்பர். ஆடக் கூடாது, அதுதான் முக்கியம்.

இவ்வளவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. செய்துவிட்டு எழுதுங்கள். வயலினை அதற்குப் பிறகு பார்ப்போம்.


தொப்பிக்காரன், முலுண்ட்:

அக்கா, நான் எட்டு வருடமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். ஐயா சொன்னதற்கு மேல் இரண்டு விஷயம்.

தொப்பி சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கக் கும்கி வரும் இடத்தைப் போடுங்கள். இடது கையால் தோலை அழுத்தி நகர்த்தும்போது ஸ்வரம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும். அந்த ஏற்றம் முழுக்க ஒரே அளவாகக் கேட்க வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் வீங்கி, அதற்கு முன்னும் பின்னும் மெலிந்தால் அது அறை. ஸ்பீக்கரை அரை அடி நகர்த்தி மறுபடி அதே இடத்தைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் நான் இப்படித்தான் என் அறையைச் சரி செய்தேன்.

இன்னொன்று, எல்லா 'பொம்'மும் ஸ்பீக்கரிலிருந்து வருவதில்லை. எங்கள் வீட்டில் பீரோவின் கைப்பிடி, பூஜை அலமாரி மணி, ஜன்னலின் கொசு வலைச் சட்டம் மூன்றும் சேர்ந்து அதிர்ந்தன. போனை செட்டில் இணைத்து 40-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோன் ஒன்றைப் போட்டுவிட்டு, வீட்டில் ஒருவர் கையை வைத்துத் தேட வேண்டும். கைப்பிடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபெல்ட், மணிக்கு நாக்கில் ஒரு நூல். 20 ரூபாய்கூட ஆகவில்லை. ஃபேன் ரெகுலேட்டரும் எலக்ட்ரானிக் வகையாக இருந்தால் மெல்லிய 'ஸ்ஸ்' கொடுக்கும். முழு வேகத்தில் வைக்கும்போது அது குறைகிறதா என்று பாருங்கள்.


வாஷிக்காரர்:

எல்லோரும் வயர் வேண்டாம் என்கிறீர்கள், என் அனுபவம் வேறு. இரண்டு வருடம் முன்பு விலை உயர்ந்த ஸ்பீக்கர் வயர் வாங்கிப் போட்டேன். அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. ஜால்ராவும் தம்பூராவின் ஜீவாவும் (தந்திக்கு அடியில் வைக்கும் நூலால் வரும் ரீங்காரம்) முன்பு மூடிக் கிடந்தன, பளிச்சென்று திறந்துகொண்டன. என் மனைவிக்கும் தெரிந்தது, அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. இதைப் பிரமை என்று சொன்னால் ஏற்க மாட்டேன்.


சிக்னல்காரன், மாடுங்கா:

பிரமை என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டது உண்மையாகவே இருக்கும். ஒரே ஒரு கேள்வி: பழைய வயர் எத்தனை வருடம் அப்படியே கிடந்தது?

வாஷியில் கழிமுகத்துக் காற்று, எங்களுக்குக் கடல் காற்று. வெறும் செம்புக் கம்பியைத் திருகில் மாட்டி நாலு மழைக்காலம் விட்டால் முனை கறுத்து, சில இடங்களில் பச்சை பிடித்துவிடும். அந்தப் படலம் மின்சாரத்தைச் சரியாக விடாது. புது வயர் போடும்போது நீங்கள் புதிதாகச் சீவிய முனைகளைப் பளபளப்பான திருகில் இறுக்கினீர்கள். அந்த நல்ல இணைப்பு ஜால்ராவைத் திறந்துவிட்டிருக்கலாம். பழைய வயரின் முனைகளை ஓர் அங்குலம் வெட்டி, புதிதாகச் சீவி, திருகுகளை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டிப் பாருங்கள். வித்தியாசம் இன்னும் தெரிந்தால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள், நான் வாஷிக்கே வந்து கேட்கிறேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 4 மீட்டர் நீளம், போக வர 8 மீட்டர். அதன் மின்தடை சுமார் 0.06 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அம்மாவின் ஹாலில் 4 மீட்டருக்கு மேல் தேவைப்படாது.

ஒப்பிடும்போது சத்தத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் கூடுதலாக ஒலித்தாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். 1933-இல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் சத்தம் குறையும்போது காது கனத்தையும் கூர்மையையும் எப்படி இழக்கிறது என்று அளந்து காட்டினார்கள். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இருக்கும் லவுட்னஸ் பொத்தான் அந்த இழப்பை ஏற்றிக் கொடுக்க வந்ததுதான். செம்பூர் அம்மா, அந்தப் பொத்தான் அழுத்தியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.


செம்பூர்க்காரி:

ஐயா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. நோட்டில் எழுதி வைத்ததை அப்படியே போடுகிறேன்.

இடது ஸ்பீக்கர் வயர் மாறித்தான் இருந்தது. லாரிக்காகக் கழற்றி மறுபடி மாட்டியது நான்தான். பேட்டரி வைத்துப் பார்த்ததும் ஒரு ஊஃபர் வெளியே வந்தது, மற்றது உள்ளே போனது. சரி செய்தவுடன் குரல் நடுவுக்கு வந்து நின்றது. ஆனால் 'பொம்' முன்பைவிடக் கூடிவிட்டது, பயந்துபோனேன். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் கீழ்ச் சத்தத்தை முழுதாகக் கொடுத்தால் அப்படித்தான் இருக்கும் என்று அப்புறம் புரிந்தது.

லவுட்னஸ் பொத்தான் அழுத்தியே இருந்தது. அப்பா ராத்திரியில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாக வைத்துக் கேட்பார், அதற்காகப் போட்டிருப்பார். எடுத்ததும் பாதிச் சுமை இறங்கியது.

எர்த் வயர் டர்ன்டேபிளுக்குப் பின்னால் செலோடேப்பில் ஒட்டி மடித்து இருந்தது. இறுக்கினேன், ஹம் குறைந்தது. டர்ன்டேபிளைத் தனி அலமாரிக்கு மாற்றியதும் முழுக்கப் போய்விட்டது.

ஸ்பீக்கரை இரண்டரை அடி முன்னே கொண்டு வர முடியவில்லை, பால்கனிக் கதவு இடிக்கிறது. ஒன்றே முக்கால் அடியில் நிற்கிறது. சிமெண்ட் பிளாக்கும் கடப்பா துண்டும் கூலியோடு 740 ரூபாய். சோபாவை இரண்டடி இழுத்தேன். தம்பி சொன்ன மாதிரி கும்கி வரும் ஓர் இடத்தைப் பன்னிரண்டு முறை போட்டேன். ஏழாவது முறை, வலது ஸ்பீக்கரை மூன்று அங்குலம் உள்பக்கம் தள்ளியபோது, ஏற்றம் முழுக்கச் சமமாகக் கேட்டது. மந்திர பஞ்சமத்தில் இன்னும் கொஞ்சம் வீக்கம் இருக்கிறது, ஆனால் குரல் குரலாகவே கேட்கிறது.

வயலின் குத்துவதற்கு யாரும் சொல்வதற்கு முன்பே ஒன்று செய்து பார்த்தேன். அம்மாவோடு வந்த இலவம் பஞ்சு மெத்தை ஒன்று பரணில் சும்மா கிடந்தது. அதை மடித்து சோபாவுக்குப் பின்னால் சுவரில் நிறுத்தினேன். தரையில் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டேன். கண்ணாடி ஜன்னலுக்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை அம்மா சமையலறையில் இருந்தாள். நான் எதுவும் சொல்லாமல் அன்றைக்குப் போட்ட அதே ரெக்கார்டைப் போட்டேன். ஈரக் கையோடு வந்து, இழுத்துப் போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்தாள். முதல் பக்கம் முடிந்ததும், "திருப்பிப் போடு" என்றாள்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. அப்பாவின் பெட்டிக்கு அடியில் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தாத்தாவின் பழைய ரெக்கார்டு பதினொன்று கிடைத்தது. டர்ன்டேபிளில் 78 வேகமும் இருக்கிறது. போடலாமா?


சிக்னல்காரன், மாடுங்கா:

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது, அம்மா.

ஜன்னலுக்குக் கனமான பருத்தித் திரை. ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி வாங்கி, மடிப்பு மடிப்பாக விழ விடுங்கள். கம்பியைக் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மாட்டுங்கள், நடுவில் இருக்கும் காற்று இடைவெளியும் வேலை செய்யும். எங்கே மாட்டுவது என்று தெரிய, நீங்கள் சோபாவில் உட்காருங்கள், ஒருவர் சுவரோரமாக முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் அதில் தெரிகிறதோ அந்த இடத்தைத்தான் துணி மூட வேண்டும். மெத்தையையும் திரையையும் வைத்து 48 ஹெர்ட்ஸை அடக்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த அலையின் நீளம் 24 அடி, நாலு அங்குலப் பஞ்சு அதற்கு ஒன்றுமே இல்லை. வயலினுக்கு மட்டும் போதும்.

78-ஐ இப்போது இருக்கும் ஊசியில் போடாதீர்கள். எல்பி ஊசியின் முனை சுமார் 0.7 மில், 78-இன் பள்ளத்துக்கு 3 மில் வேண்டும் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் உரசும், அங்கே தேய்மானமும் அழுக்கும்தான் இருக்கும், இரைச்சல்தான் கேட்கும், ஊசியும் பாழாகும். ஊசி மாட்டியிருக்கும் கார்ட்ரிட்ஜின் பெயரைப் பார்த்து எழுதுங்கள். சிலவற்றுக்கு 78 ஊசி தனியாகவே கிடைக்கும், இழுத்துவிட்டு மாட்டினால் போதும். லாமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் நான் விசாரித்துச் சொல்கிறேன். அதுவரை அந்தப் பதினொன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல், நேராக நிறுத்தி வையுங்கள். தட்டு உடையக்கூடியது. ஆல்கஹால் போட்டு மட்டும் துடைக்காதீர்கள், அரக்குத் தட்டு அதில் கரைந்துவிடும்.


செம்பூர்க்காரி:

சரி ஐயா. கார்ட்ரிட்ஜைக் கழற்றாமல் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து, பெயரை நாளை எழுதுகிறேன். தட்டுகளைப் பழைய புடவையில் தனித்தனியாகச் சுற்றி, அம்மாவே எடுத்து நிறுத்தி வைத்துவிட்டாள்.